பேய் வந்தால் கை விரிக்கும் கருவி: வீட்டிலேயே செய்யலாம்

1984இல் வந்த கோஸ்ட்பஸ்டர்ஸ் படத்தில் பேய் பிடிக்கிறவர்களிடம் சாமான்களுக்குப் பஞ்சமே இல்லை. முதுகில் மாட்டிக்கொள்ளும் புரோட்டான் பேக்தான் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் முதன்முதலாகச் செய்து பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது பி.கே.இ. மீட்டரைத்தான். கைக்கு அடக்கமான கறுப்புக் கருவி அது. பேய் நடமாட்டம் இருந்தால் இரண்டு பக்கமும் மடங்கிக் கிடக்கும் கைகள் மெல்ல எழும்பும், அவற்றில் பதித்த விளக்குகள் வரிசையாக ஓடும். ஹெரால்ட் ராமிஸ் நடித்த ஸ்பெங்லர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தால், அது நிஜமாகவே எதையோ அளக்கிறது என்று தோன்றிவிடும்.

படத்துக்காக அதைச் செய்தவர்கள் எடுத்துக்கொண்ட உடல், ஐயோனா எஸ்.பி.-1 என்ற மின்சார ஷூ பாலிஷ் இயந்திரம்! அதன்மேல் கைகளையும் விளக்குகளையும் ஏற்றிவிட்டார்கள். அதே கருவி 1988இல் ஜான் கார்பெண்டர் எடுத்த ‘தே லிவ்’ படத்திலும் தலைகாட்டியது. இன்று அந்தப் பாலிஷ் இயந்திரத்துக்குச் சேகரிப்பாளர்கள் அலைகிறார்கள். நமக்கு அது வேண்டாம், விளம்பரப் பலகை செய்கிற சன்போர்டிலேயே உடலை வெட்டிவிடலாம்.

வேலை செய்யும் நகல் என்றால் என்ன என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பட்டனை அழுத்தினால் கை தூக்கும் நகல் மாறுவேடப் போட்டிக்குப் போதும். ஆனால் அதைக் கையில் வாங்குகிற பிள்ளை பட்டனைக் கண்டுபிடித்த நொடியில் மாயம் போய்விடும். கருவி தானாக எதற்காவது எதிர்வினை காட்ட வேண்டும். பேயை அளக்கும் உணரி எந்தக் கடையிலும் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் எல்லா வீட்டிலும் இருக்கிற ஒன்று உண்டு: சுவருக்குள் ஓடும் மின்கம்பியைச் சுற்றியிருக்கும் மின்புலம். அதை உணர ஒரு துண்டுக் கம்பியும் ஒரு ரெசிஸ்டரும் போதும்.

புதியவர்கள் பெரும்பாலும் உடலை முதலில் அழகாகச் செய்து வண்ணம் அடித்துவிட்டு, அப்புறம் உள்ளே எதுவும் நுழையவில்லை என்று தலையில் கை வைப்பார்கள். தலைகீழாகப் போங்கள். முதலில் மேசைமேல் சுற்று வேலை செய்யட்டும். அடுத்து கைகள். உடல் கடைசி.

வாங்க வேண்டியவை

ஆர்டுயினோ நானோ (நாம் எழுதும் நிரலை ஓட்டும் குட்டிப் பலகை) ஒன்று, எஸ்.ஜி.90 எனப்படும் 9 கிராம் சர்வோ மோட்டார் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்) இரண்டு, 3 மி.மீ. மஞ்சள் எல்.இ.டி. பதினான்கு, 470 ஓம் ரெசிஸ்டர் பதினான்கு, 10 கிலோஓம் ஒன்று, 3.3 மெகாஓம் ஒன்று, 470 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று, சின்ன பீசோ பஸர், ஆறு கால் ஸ்லைடு சுவிட்ச், நான்கு ஏ.ஏ. செல் போடும் பெட்டி, 9 வோல்ட் பேட்டரிக்கான கிளிப். இவற்றோடு சால்டர் இல்லாமல் செருகிப் பார்க்க பிரெட்போர்டு, கடைசியில் சால்டர் செய்யப் புள்ளிப்பலகை, மெல்லிய பல இழை ஒயர், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் ஒரே நடையில் எல்லாம் கிடைக்கும், மற்ற ஊர்க்காரர்கள் ஆன்லைனில் வாங்கலாம். எல்.இ.டி.யும் ரெசிஸ்டரும் நாலைந்து கூடுதலாக வாங்குங்கள், காசு பெரிதில்லை.

உடலுக்கு 5 மி.மீ., 3 மி.மீ. சன்போர்டு. போர்டு எழுதும் கடையில், ஃபிளெக்ஸ் அடிக்கும் இடத்தில் கேட்டால் வெட்டிப் போட்ட துண்டுகளையே தருவார்கள், நம் வேலைக்கு அது தாராளம். தெர்மாக்கோல் பக்கம் போகாதீர்கள், ஸ்ப்ரே பெயிண்ட் பட்டால் கரைந்து ஓட்டையாகிவிடும். கைப்பிடிக்கு 32 மி.மீ. பி.வி.சி. குழாய் ஒரு சாண்.

முதல் வேலை: மின்புலத்தைப் பிடிப்பது

பிரெட்போர்டில் நானோவைக் குத்துங்கள். ஏ0 என்று அச்சிட்ட காலிலிருந்து 3.3 மெகாஓம் ரெசிஸ்டரைக் கிரவுண்டுக்கு, அதாவது மைனஸுக்குப் போடுங்கள். அதே காலிலிருந்து 10 கிலோஓம் வழியாக ஒரு 12 செ.மீ. ஒயர் வெளியே நீளட்டும். இதுதான் ஆன்டெனா. அதன் முனையில் தாமிரம் வெளியே தெரியக் கூடாது, ஸ்லீவ் மாட்டிச் சூடாக்கி மூடிவிடுங்கள். மின்புலத்தை உணர உலோகம் எதையும் தொட வேண்டியதில்லை. குழந்தைகள் கையில் போகப்போகும் சாமான் என்பதால் இந்த மூடல் கட்டாயம். ஆன்டெனாவை பிளக் பாயிண்ட் ஓட்டைக்குள் நுழைக்கும் ஆசை யாருக்கும் வரக் கூடாது.

இது எப்படி வேலை செய்கிறது? சுவர்க் கம்பியில் இருக்கும் மின்னழுத்தம் நொடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. படம் நடக்கும் நியூயார்க்கில் இது 60. அந்த ஏற்ற இறக்கம் காற்றைத் தாண்டி ஆன்டெனாவில் மிக மிகச் சிறிய மின்னோட்டத்தைத் தூண்டும். வேறு எந்தச் சுற்றிலும் அது கணக்கிலேயே வராது. ஆனால் 3.3 மெகாஓம் போன்ற பெரிய தடை வழியாகப் போகும்போது அந்தத் துளி மின்னோட்டமும் ஏ0 காலில் அளக்கக்கூடிய மின்னழுத்தமாக மாறிவிடுகிறது. இதை விடப் பெரிய ரெசிஸ்டர் போட்டால் கருவி இன்னும் கூர்மையாகும், ஆனால் எதற்கெடுத்தாலும் பதறும். 1 மெகாஓம் போட்டால் கொஞ்சம் மந்தம். சின்ன வீடு, நிறைய ஒயரிங் என்றால் 1 மெகாஓமிலேயே தொடங்கிப் பாருங்கள்.

ஏ0 காலை ஒரே ஒரு முறை படித்துவிட்டு அந்த எண்ணை நம்பக் கூடாது. அலையின் உச்சியில் படித்தால் ஒரு எண், பள்ளத்தில் படித்தால் இன்னொன்று. 40 மில்லி நொடிக்குத் தொடர்ந்து படித்து, அதில் வந்த மிகப் பெரிய எண்ணிலிருந்து மிகச் சிறியதைக் கழியுங்கள். 50 சுழற்சி மின்சாரத்தில் ஒரு சுழற்சிக்கு 20 மில்லி நொடி, ஆக இரண்டு முழு அலைகள் அந்த நேரத்துக்குள் அடங்கும். கழித்து வரும் விடைதான் நம் ‘பேய் அளவு’.

கணினித் திரையில் அந்த எண்ணை ஓடவிட்டு, ஆன்டெனாவை சுவிட்ச் போர்டு அருகே கொண்டு போங்கள். எண் துள்ளும். லேப்டாப்பில் சார்ஜர் மாட்டியிருந்தால் எண் கண்டபடி ஆடும், சார்ஜரைக் கழற்றினால் அடங்கும். கருவி முழுக்க பேட்டரியில் ஓடும்போது உங்கள் கையும் உடம்பும் சேர்ந்துதான் அதற்குத் தரை, அதனால் கணினியில் பார்த்த அளவும் கையில் பிடிக்கும்போது வரும் அளவும் ஒன்றாக இருக்காது. கடைசி அளவுகளை பேட்டரியில் ஓட்டித்தான் முடிவு செய்ய வேண்டும்.

கைகளுக்கு உயிர் கொடுப்பது

விளக்கு ஓடுவதைப் பார்த்துத்தான் எல்லோரும் மயங்குவார்கள், ஆனால் கருவிக்கு உயிர் வருவது கைகளின் தயக்கத்தில். அளவு ஏறியதும் கைகள் சட்டென்று நிமிர்ந்தால் அது பொம்மை. லேசாகத் தயங்கி எழுந்து, கொஞ்சம் நடுங்கி, அளவு குறைந்த பிறகும் மனசில்லாமல் இறங்கினால்தான் பார்க்கிறவர் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பார்.

இதற்கு நானோவில் ஏற்றும் கோடில், அதாவது நிரலில், ஒரே ஒரு வரி கணக்குதான் வேண்டும். கையின் இப்போதைய நிலைக்கும் போக வேண்டிய நிலைக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வித்தியாசத்தில் எட்டில் ஒரு பங்கு மட்டும் ஒவ்வொரு 40 மில்லி நொடிக்கும் நகர்த்துங்கள். இறங்கும்போது நாற்பதில் ஒரு பங்கு போதும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வேறு வேறு வேகம் வைப்பதுதான் சூட்சுமம். இந்த இரண்டு எண்களையும் மாற்றி மாற்றி ஒரு மாலைப் பொழுதைச் செலவிடுங்கள், மொத்த வேலையிலும் இதுதான் இன்பமான பகுதி. பெயிண்டை விட இந்த இரண்டு எண்களே உங்கள் கருவியைப் பக்கத்து வீட்டுக்காரர் கருவியிலிருந்து வேறாக்கும்.

சுவிட்சைப் போட்டதும் முதல் இரண்டு நொடிக்குச் சும்மா அந்த இடத்தின் அளவைப் படித்து, அதையே பூஜ்யமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டுக்கு வீடு ஒயரிங் மாறும். இது இல்லாவிட்டால் ஒரு வீட்டில் கைகள் எழும்பவே எழும்பாது, இன்னொரு வீட்டில் இறங்கவே இறங்காது.

இணைப்புகளைப் பார்ப்போம். டி2 முதல் டி8 வரை ஏழு கால்கள் ஏழு படி விளக்குகளுக்கு. ஒவ்வொரு காலிலும் இடக்கை எல்.இ.டி. ஒன்று, வலக்கை எல்.இ.டி. ஒன்று, இரண்டுக்கும் தனித்தனி 470 ஓம். ஒரு விளக்குக்குச் சுமார் 6 மில்லி ஆம்பியர் போகும், ஒரு காலுக்கு 12. நானோவுக்கு அது சுமையே இல்லை. சர்வோ இரண்டும் 9, 10 கால்களில், பஸர் 11இல். அளவு ஏற ஏற விளக்கு ஓடும் வேகமும் பஸரின் டிக் டிக்கும் கூடட்டும்.

மின்சாரம் இரண்டு பாதையாகப் போகட்டும். சர்வோவுக்கு ரீசார்ஜ் ஆகும் நான்கு ஏ.ஏ. செல், அதாவது 4.8 வோல்ட். நானோவுக்குத் தனியாக 9 வோல்ட் பேட்டரி, அது ‘வின்’ என்று அச்சிட்ட காலில்தான் போக வேண்டும், தவறியும் 5 வோல்ட் காலில் அல்ல. இரண்டு பாதைகளின் மைனஸையும் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள், சேர்க்காவிட்டால் சர்வோ என்ன சொன்னாலும் கேட்காது. ஆறு கால் சுவிட்ச் இதற்காகத்தான்: இரண்டு பிளஸும் அதன் இரண்டு வரிசையில் தனித்தனியே போய், ஒரே தள்ளலில் இரண்டும் அணையும். கெப்பாசிட்டரை சர்வோவின் பிளஸ், மைனஸுக்குக் குறுக்கே போடுங்கள். அதன் உடலில் கோடு போட்ட கால் மைனஸ்.

நானோவின் 5 வோல்ட் காலிலிருந்தே சர்வோவை ஓட்டினால் என்ன என்று கேட்பீர்கள். கை எழும்பும் நேரம் சர்வோ திடீரென்று மின்சாரத்தை இழுக்கும், நானோ மயங்கி விழுந்து மறுபடி தொடங்கும். அதைவிடத் தொல்லை ஒன்று உண்டு. சர்வோவின் மோட்டார் எழுப்பும் மின் இரைச்சலை நம் ஆன்டெனா பேய் என்று நினைத்துக்கொள்ளும். அளவு ஏறும், கை இன்னும் எழும்பும், இரைச்சல் இன்னும் கூடும், கடைசியில் கருவி தன்னைப் பார்த்துத் தானே பயந்து கைகளை விரித்தபடி நின்றுவிடும். இதற்கு மருந்து நான்கு. மின்சாரத்தைப் பிரிப்பது முதலாவது, அதைச் செய்துவிட்டோம். ஆன்டெனாவைக் கருவியின் மூக்கிலும் சர்வோக்களைப் பின்பக்கமும் வைப்பது இரண்டாவது. சர்வோ அறைக்குள் அலுமினியம் ஃபாயில் டேப் ஒட்டி, அதை ஒரு ஒயரால் மைனஸோடு இணைப்பது மூன்றாவது. வெறும் ஃபாயிலில் சால்டர் பிடிக்காது, ஒயரின் உரித்த முனையைப் பிரித்துப் பரப்பி, அதன்மேல் இன்னொரு டேப்பை இறுக்கி ஒட்டுங்கள். ஃபாயில் வேறு எந்த முனையையும் தொடாதபடி மேலே ஒரு சுற்று இன்சுலேஷன் டேப். நான்காவது, கோடில்: கை போய்ச் சேர வேண்டிய நிலைக்கு 3 டிகிரிக்கும் குறைவான தூரமே இருந்தால் அசைக்கவே வேண்டாம், அசைந்து நின்ற அரை நொடியில் சர்வோவுக்குப் போகும் சிக்னலை நிறுத்திவிடுங்கள். எடை குறைந்த கையை கியரின் உராய்வே தாங்கிக்கொள்ளும். சும்மா இருக்கும்போது சர்வோ முனகும் சத்தமும் இதனால் ஒழியும்.

கைகளை வெட்டுதல்

ஒவ்வொரு கையும் 14 செ.மீ. நீளம், 1.8 செ.மீ. அகலம். இவை என் அளவுகள், உங்கள் உள்ளங்கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். 3 மி.மீ. சன்போர்டில் ஒரு கைக்கு மூன்று துண்டு. நடுத்துண்டின் உட்புறத்தை வெட்டி எடுத்துச் சட்டம் போல விட்டுவிடுங்கள், ஒயர் போக வழி வேண்டும். மேல்துண்டில் 1.6 செ.மீ. இடைவெளியில் ஏழு துளை, 3 மி.மீ. டிரில் பிட்டைக் கையால் திருகினாலே இறங்கிவிடும். முனையை லேசாகக் கூராக்குங்கள்.

எல்.இ.டி.க்களின் மைனஸ் கால்களை எல்லாம் ஒரே கம்பியில் சேர்த்தால் கைக்கு எட்டு ஒயர் மட்டும் வெளியே வரும். இந்த எட்டு ஒயர்களும் தோள்பட்டை வழியாக ஆயிரம் முறை மடங்கி நிமிரப்போகின்றன. டெலிபோன் ஒயர் போன்ற ஒற்றைக் கம்பி அங்கே சீக்கிரம் ஒடிந்துவிடும். பழைய கணினியில் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் தட்டையான ரிப்பன் ஒயர் கிடைத்தால் எட்டு இழையைக் கிழித்து எடுத்துக்கொள்ளுங்கள், அதைப் போல வளைவது வேறில்லை. தோளருகே ஒரு விரல் அளவு தளர்வு விட்டு, அந்தத் தளர்வின் இரு முனையையும் ஹாட் குளுவால் பிடித்துவிடுங்கள். இழுவை சால்டர் புள்ளியில் விழக் கூடாது.

மூடி ஒட்டும் முன் ஏழு விளக்கும் எரிகிறதா என்று பாருங்கள். ஒட்டிய பிறகு பார்க்கிறவர்கள் உண்டு, அவர்கள் கத்தியோடு திரும்பி வருவார்கள்.

சர்வோவோடு வரும் வெள்ளை பிளாஸ்டிக் கொம்பை கையின் அடித்துண்டில் அதன் உருவத்துக்கே குழி வெட்டிப் பதித்து, சின்னத் திருகாணி இரண்டு போடுங்கள். பசை மட்டும் நிற்காது. கொம்பை சர்வோவில் மாட்டும் முன் கோடு மூலம் சர்வோவை ‘கை மடங்கிய’ நிலைக்குக் கொண்டு வந்துவிட்டு, அப்புறம் கையை மடங்கிய நிலையில் பிடித்து மாட்டுங்கள். மாட்டிவிட்டு விரலால் திருப்பிச் சரி செய்யலாம் என்று நினைத்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பற்கள் மழுங்கிவிடும். இரண்டு சர்வோவும் எதிரும் புதிருமாக உட்காருவதால் ஒன்றுக்கு 20 டிகிரி என்றால் மற்றதற்கு 160 சொல்ல வேண்டும். மடங்கிய நிலையிலிருந்து விரிந்த நிலைக்கு 80 டிகிரி போதும். அதற்கு மேல் போனால் கும்பிடுவதற்குக் கை தூக்குகிற மாதிரி ஆகிவிடும்.

உடல்

இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன், உங்கள் கண்தான் அளவுகோல். படத்தின் நிழற்படங்களைப் பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்தும் பார்த்து அட்டையில் ஒரு மாதிரி வெட்டுங்கள். பேட்டரிப் பெட்டி, நானோ, சர்வோ மூன்றையும் அந்த அட்டைமேல் வைத்துப் பார்த்து, இடம் போதுமென்றால் 5 மி.மீ. சன்போர்டில் வெட்டுங்கள். ஒரே இழுப்பில் வெட்ட முயலாமல் கட்டர் பிளேடை மூன்று நான்கு முறை லேசாக ஓட்டினால் விளிம்பு நேராக வரும். சுவர்களை ஃபெவிக்விக்கால் ஒட்டி, உள்மூலைகளில் ஹாட் குளு வரி இழுங்கள். அடிப்பலகையை மட்டும் ஒட்டாமல் நான்கு திருகாணியில் விடுங்கள், பேட்டரி மாற்ற வேண்டுமே. வளைவான தோள்களுக்கு எம்-சீல் பிசைந்து அப்பி, காய்ந்ததும் 120 எண் உப்புத்தாளில் தொடங்கி 400 வரை தேய்த்து இறங்குங்கள். கைப்பிடிக் குழாயை உள்ளிருந்து திருகாணியால் பிடியுங்கள், முழு எடையும் அங்கேதான் தொங்கும்.

வண்ணத்துக்குச் சாம்பல் பிரைமர் ஒரு பூச்சு, மங்கல் கறுப்பு இரண்டு மெல்லிய பூச்சு, மொட்டை மாடியில் வைத்து அடியுங்கள். பளபளப்புக் கறுப்பு வேண்டாம், எல்லாக் கீறலையும் காட்டிக்கொடுத்துவிடும். காய்ந்த பிறகு பழைய பிரஷில் வெள்ளிப் பெயிண்டைத் தொட்டு, துணியில் முக்கால்வாசியைத் துடைத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் உரசுங்கள். பல வருடம் பேய் பிடித்த கருவி போல ஆகிவிடும்.

ஓட்டிப் பார்ப்பது

வீட்டின் நடுக்கூடத்தில், சுவரிலிருந்து தள்ளி நின்று சுவிட்சைப் போடுங்கள். இரண்டு நொடி அசையாமல் இருங்கள். அப்புறம் நடங்கள். சுவிட்ச் போர்டு, ஈ.பி. மீட்டர், டியூப் லைட் பட்டி, மிக்ஸி ஒயர் எல்லாம் அகப்படும். அணைத்து வைத்த விளக்கின் ஒயரிலும் கை எழும்பினால் திகைக்காதீர்கள். நாம் உணர்வது மின்னோட்டத்தை அல்ல, மின்னழுத்தத்தை. சுவிட்ச் வரைக்குமான ஒயரில் அது எப்போதும் இருக்கும், சுவிட்சைத் தவறாக நியூட்ரலில் போட்ட பழைய வீடுகளில் விளக்கு வரைக்குமே இருக்கும். இரும்புக் குழாய்க்குள் ஓடும் ஒயரிங் என்றால் கருவி ஊமையாகிவிடும், குழாய் மின்புலத்தை மறைத்துவிடுகிறது. ஆகவே ஆணி அடிக்கும் முன் ஒயர் எங்கே இருக்கிறதென்று பார்க்க இதை நம்ப வேண்டாம், டிரில் போடும் முன் மெயினை அணைப்பதே வழி.

நண்பர்களுக்குக் காட்டும்போது ஒரு வித்தை. பிளாஸ்டிக் சீப்பைத் தலைமுடியில் நாலு தேய்ப்பு தேய்த்து, கருவியின் மூக்குக்கு முன்னால் வீசினால் கைகள் துள்ளும். நிலைமின்சாரத்தின் வேலை. பாலியஸ்டர் சட்டைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தாலும் சில நேரம் அதே கதைதான், சபையில் பேய் பிடித்தவர் யார் என்று முடிவாகிவிடும். மழை நாளில் காற்றில் ஈரம் ஏறியிருந்தால் இந்த வித்தை சரியாக வராது.

கைகள் எழும்பவே இல்லையென்றால் முதலில் ஏ0 காலின் சால்டரைப் பாருங்கள், பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான். இடைவிடாமல் விரிந்தே நின்றால் ஆன்டெனாவை சர்வோ ஒயரிலிருந்து இன்னும் தள்ளுங்கள், ஃபாயிலின் மைனஸ் இணைப்பை மல்டிமீட்டரில் சரிபாருங்கள். ஒரு கை மட்டும் நடுங்கினால் அந்தப் பக்க சர்வோவின் கொம்புத் திருகாணி தளர்ந்திருக்கும்.

வெளியே எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மெட்ரோவிலும் விமான நிலையத்திலும் ஒயரும் பேட்டரியும் விளக்கும் சேர்ந்த கையால் செய்த பெட்டியைப் பார்த்தால் காவலர்கள் சினிமா ரசிகர்களாக இருக்க மாட்டார்கள். விழாவுக்குக் கொண்டு போவதென்றால் செல்களைக் கழற்றித் தனியாக வைத்து, அடிப்பலகையைத் திறந்து காட்டும்படி ஒரு ஸ்க்ரூ டிரைவரை வழியனுப்ப வருகிறவரிடம் கொடுத்து வையுங்கள். வேலை முடிந்து அலமாரியில் வைக்கும்போதும் செல்கள் வெளியே இருக்கட்டும், மாதக்கணக்கில் உள்ளே கிடந்தால் கசிந்து பெட்டியின் ஸ்பிரிங்கை அரித்துவிடும்.